இரண்டு நாள் வராவிட்டால்

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு ஏற்பாடு செய்யப்போகிறோம், அதை நீங்கள்தான் எடுத்து நடத்த வேண்டும் என்று தலைமையாசிரியர் ஓம்பிரகாஷ் சொன்னபோது, மைதிலி சரி சார் என்றாள். என்ன ஏற்பாடு, எத்தனை மணி நேரம் கூடுதல் வேலை என்று கேட்கவில்லை. ஏழு மாதமாக அவள் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. காலை ஆறே முக்காலுக்குக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறுவாள். எழுபது வளைவும் ஏறி முடிக்கிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள். கணக்குப் பாடம் நடத்துவாள். மாலை பஸ்ஸில் மலை இறங்கி வீடு போய்ச் சேருவாள். கணவன் அசோக் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாள். உடம்புக்கு ஏதாவது பண்ணுகிறதா என்று அவன் இரண்டு மூன்று தடவை கேட்டுப் பார்த்தான். ஒன்றும் பண்ணவில்லை என்று அவள் சொன்னது பொய்யில்லை. ஒன்றுமே பண்ணவில்லை என்பதுதான் விஷயம்.

பள்ளிக்கூடம் கொல்லிமலை மேல், சோளக்காட்டிலிருந்து மூன்று மைல் தள்ளி இருந்தது. பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு. சுற்றிலும் உள்ள எட்டு நடுநிலைப் பள்ளிகளில் எட்டாவது முடித்த பிள்ளைகள் ஒன்பதாவதுக்கு இங்கேதான் வந்து சேருவார்கள். ஊரில் படித்தபோது வகுப்புக்கு ஆறு பேர், ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். ஒரே வாத்தியார் எல்லாப் பாடமும் எடுத்திருப்பார். எவன் வரவில்லை, ஏன் வரவில்லை என்பது அவருக்குக் கேட்காமலே தெரிந்திருக்கும். இங்கே மணி அடித்தால் ஒரு டீச்சர் போய் இன்னொரு டீச்சர் வருவார். பாடத்துக்கு ஒரு நோட்டு. நாற்பது பேரில் யார் எந்த ஊர் என்று எந்த டீச்சருக்கும் பாதி வருடம் வரை பிடிபடாது. டீச்சர்களில் முக்கால்வாசிப் பேர் அடிவாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள்.

ஓம்பிரகாஷ் தர்மபுரிப் பக்கத்துக்காரர், போன வருடம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்தார். ஐந்து வருடத்து வருகைப் பதிவேடுகளை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு ஆசிரியர் கூட்டத்தில் பேசினார். பத்தாவதில் தேர்ச்சி குறைகிறதென்று நாம் கவலைப்படுகிறோம், பத்தாவதுக்கு வந்து சேருகிறதே முக்கால்வாசிதான், மீதிப் பேர் ஒன்பதாவதில், அதுவும் முதல் மூன்று மாதத்துக்குள், நமக்குத் தெரியாமலே போய்விடுகிறார்கள் என்றார். ஆண் பிள்ளைகள் ரிக் வண்டிக்கு, அதாவது ஆழ்துளைக் கிணறு போடும் லாரிகளுக்கு வேலைக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் நூல் மில்லுக்குப் போனார்கள், இல்லையென்றால் கல்யாணமாகிப் போனார்கள்.

அவர் எழுதி வைத்திருந்த திட்டம் ஒரு தாள்தான். முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகம் கிடையாது. பள்ளிக்கூடத்தையும் கால அட்டவணையையும் ஒருவரை ஒருவரும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தினமும் முதல் அரை மணி நேரம் ஒரே டீச்சரிடம் இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் கணக்கையும் இங்கிலீஷையும் ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கிச் சொல்லித்தர வேண்டும். ஜூன் முடிவதற்குள் ஒன்பதாவதுப் பிள்ளைகள் எல்லோர் வீட்டுக்கும் ஒரு தரம் போய்வர வேண்டும். கடைசியாக ஒன்று. ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால், இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

அதை அவர் வாசித்தபோது மற்ற டீச்சர்கள் மைதிலியைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்கள்.

போன வருடம் ஒன்பதாவதில் பிரேம் என்று ஒரு பையன் இருந்தான். மைதிலிதான் வகுப்பாசிரியை. ஒல்லியாக இருப்பான், மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்காருவான். ஜூலை மாதக் கடைசியில் அவன் வராமல் போனான். மைதிலி ஆப்சென்ட் போட்டாள். மறுநாளும் போட்டாள். நாற்பது பள்ளி நாட்கள் போட்டாள். செப்டம்பரில் அவன் பெயருக்கு நேரே ‘நீண்ட நாள் வராமை’ என்று எழுதி, கம்ப்யூட்டரிலும் நீக்கிவிட்டாள். அதே மாதம் இன்னும் நான்கு பேரை அப்படி நீக்கியிருந்தாள். நவம்பரில் ஒரு நாள், சத்தீஸ்கரில் ரிக் வண்டியில் இரும்புக் குழாய் சரிந்து விழுந்து நம்மூர்ப் பையன் ஒருவன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. கீழே போட்டோ இல்லை, பெயர் மட்டும் இருந்தது. பிரேம், வயது பதினைந்து. உடல் வந்து சேர மூன்று நாளாயிற்று. அவன் பெயர் பதிவேட்டில் இல்லாததால் பள்ளிக்கூடத்தில் மௌன அஞ்சலிகூட நடக்கவில்லை.

யாரும் மைதிலியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் செய்தது எல்லா டீச்சர்களும் செய்கிற வேலைதான். அன்றைக்கு அவளுக்கு அழுகை வரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைத்தாள். அதுவும் வரவில்லை. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை.

ஜூன் இரண்டாம் வாரம் புதிய ஒன்பதாவதின் பட்டியல் கைக்கு வந்தது. நாற்பத்தோரு பெயர்கள். இருபத்தேழாவதாக சி. கலைமணி, நெல்லிக்குழிப்பட்டி என்றிருந்தது. தகப்பனார் பெயர் சின்னராசு. பிரேமுக்கும் அதே ஊர், அதே தகப்பனார் பெயர். மைதிலி பட்டியலை மடித்துப் பதிவேட்டுக்குள் வைத்தாள்.

திட்டத்தை அவள் ஒரு குறையும் இல்லாமல் செய்தாள். ஆபீசுக்குப் பக்கத்து அறையை ஒழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். கழிப்பறை எங்கே, சத்துணவு எங்கே, வயிறு வலித்தால் யாரிடம் சொல்வது, மணி இரண்டு தரம் அடித்தால் என்ன அர்த்தம் என்று நடத்திக் காட்டினாள். கால அட்டவணை என்றால் என்னவென்று புரியாத பிள்ளைகள் பதினாறு பேர் இருந்தார்கள். தினமும் ஐந்து பாட நோட்டையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தோஷ்குமார் என்ற பையன் முதல் மூன்று நாள் கேட் வரை வந்து, மரத்தடியில் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். நான்காம் நாள் மைதிலி கேட்டுக்கு வெளியே போய் அவனோடு நின்றாள். பேசவில்லை. மணி அடித்ததும் உள்ளே நடந்தாள், அவன் பின்னாலேயே வந்தான். ஓம்பிரகாஷ் இதையெல்லாம் மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னார். வேறு யாரைப் பற்றியோ சொல்கிறார் என்பது மாதிரி மைதிலி கேட்டுக்கொண்டாள்.

காலையில் பெயர் கூப்பிடும்போது ஒவ்வொரு பிள்ளையையும் நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்பது அவளாகச் சேர்த்துக்கொண்ட பழக்கம். இருபத்தேழாவது பெயர் வரும்போது ‘உள்ளேன் டீச்சர்’ என்ற குரல் மட்டும் காதில் விழும். அடுத்து இருபத்தெட்டு.

வீடுகளுக்கு உடற்கல்வி ஆசிரியர் வேல்முருகன் பைக்கில் கூட்டிப்போனார். ஒரு நாளைக்கு மூன்று வீடு, நான்கு வீடு. சில ஊர்களுக்குப் பைக் போகாது, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே மிளகுக் கொடியை விலக்கிக்கொண்டு நடக்க வேண்டும். நெல்லிக்குழிப்பட்டியை மைதிலி தள்ளித் தள்ளி வைத்தாள். ஜூன் இருபத்தெட்டாம் தேதி அந்த ஒரு வீடு மட்டும் மிச்சமிருந்தது. வேல்முருகன் தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னார். வேண்டாம், நானும் வருகிறேன் என்றாள் மைதிலி.

பிரேமின் தாய் ருக்குமணி அப்போதுதான் குச்சிக்கிழங்குக் காட்டில், மரவள்ளிச் செடிகளுக்குக் களை வெட்டிவிட்டு வந்திருந்தாள். கை காலைக் கழுவிக்கொண்டு வந்து பாயை விரித்தாள். சின்னராசு வெளியூர் வேலைக்குப் போயிருந்தார். கலைமணி அடுப்படியிலேயே இருந்துகொண்டாள். மைதிலி மற்ற வீடுகளில் சொன்னதையெல்லாம் இங்கேயும் வரிசையாகச் சொன்னாள். பெண்ணுக்குக் கணக்கு கொஞ்சம் பின்தங்கியிருக்கிறது, சனிக்கிழமை தவறாமல் அனுப்புங்கள், ஏதாவது என்றால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். ருக்குமணி எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். பிறகு கேட்டாள்.

“நீங்கதானுங்களா அவனுக்கும் டீச்சரு?”

“ஆமாங்க.”

“அப்பிடிங்களா.”

அவ்வளவுதான். மைதிலி காத்திருந்தாள். அந்த அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவர்கள் எழுந்து செருப்பை மாட்டும்போது பின்னாலேயே வந்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது பிரேம் ஒரு போட்டோ கொடுத்தானே, அது இருக்குமா என்று கூச்சத்தோடு கேட்டாள். அவனுடைய போனோடு எல்லாப் போட்டோவும் போய்விட்டதாம். வீட்டில் ஒன்றுகூட இல்லையாம்.

மறுநாள் மைதிலி பழைய சேர்க்கை விண்ணப்பங்களைத் தேடி அதை எடுத்தாள். பாதி முகத்தில் பள்ளிக்கூட முத்திரை விழுந்திருந்தது. காளப்பநாயக்கன்பட்டி ஸ்டூடியோவில் கொடுத்து, முத்திரையை எடுத்துவிட்டுப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். ஸ்டூடியோக்காரர் தம்பியா என்று கேட்டார். இல்லை என்றாள். பழுப்புக் கவரில் போட்டுக் கலைமணியிடம் கொடுத்தபோது, அந்தப் பெண் அதைப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜூலை முழுக்க யாரும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவில்லை. இரண்டு நாள் வராதவர்கள் ஒன்பது பேர். ஒன்பது பேர் வீட்டுக்கும் மைதிலி போனாள். காய்ச்சல், காதுகுத்து, ஆடு தொலைந்தது, துணி காயவில்லை. எல்லோரும் திரும்பி வந்தார்கள்.

ஆடிப் பெருக்கு விடுமுறை முடிந்த திங்கட்கிழமை கலைமணி வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் வரவில்லை. வேல்முருகன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விளையாட்டுப் போட்டிக்குப் போயிருந்தார். மைதிலி மதியச் சாப்பாட்டுக்கு மேல் அனுமதி வாங்கிக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறி, மெயின் ரோட்டில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தாள். மழை அப்போதுதான் விட்டிருந்தது. செருப்பில் செம்மண் அப்பி, காலைத் தூக்கி வைப்பதே பாரமாக இருந்தது.

வீட்டில் சின்னராசு இருந்தார். உட்காரச் சொன்னார். வியாழக்கிழமை காலையில் சோளக்காட்டுக்கு மில்காரர்களின் வேன் வரும், பெண்ணை அதில் அனுப்புவதாக இருக்கிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நாங்க போகச் சொல்லலீங்க டீச்சர். அவளாத்தான் கேட்டா. வேண்டாம்னு சொல்லி வெச்சிருந்து, இவளும் சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டா நாங்க என்னங்க பண்றது?”

மைதிலி, பெண் எங்கே என்று கேட்டாள். பின்னால் காட்டில் இருக்கிறாள் என்றார்.

கலைமணி வரப்பில் உட்கார்ந்து, குச்சிக்கிழங்குச் செடியின் இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மைதிலி வரப்பிலேயே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்ணும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

“ரெண்டு நாள் ஆச்சுன்னு வந்தீங்களா?”

“ஆமா.”

“அண்ணனுக்கு யாரும் வல்லீங்க.”

கலைமணி எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஒப்பிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போனாள். அண்ணனுக்கு மூன்று நாள் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினான். லீவ் லெட்டர் இல்லாமல் போனால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது ரூல். அப்பா அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவனே எழுதினால் டீச்சர் கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்தான். பாதி வழி போய்த் திரும்பி வந்துவிட்டான். அடுத்த நாளும் அப்படியே. அப்புறம் நாலு நாள் லீவுக்கு என்ன எழுதுவது, ஏழு நாள் லீவுக்கு என்ன எழுதுவது என்று ஆகிவிட்டது.

“பள்ளிக்கூடத்துல இருந்து யாராச்சும் கேட்டு வருவாங்க, அப்ப அவங்ககூடப் போயிட்டா வெளிய நிக்க வேண்டியதில்லைன்னு சொன்னானுங்க. ஒரு வாரம் ரோட்டோரத்துலயே உக்காந்திருந்தான். அப்புறம் ரிக் வண்டிக்கு ஆள் எடுக்கறவங்க வந்தாங்க.”

அவள் இன்னொரு இலையைக் கிள்ளினாள்.

“எங்கிட்டக் கேட்டிருந்தா நான் எழுதிக் குடுத்திருப்பேனுங்க. நான் அப்ப எட்டாவது. எனக்கு லெட்டர் எழுதத் தெரியும். அவன் கேக்கல. நானும் என்னன்னு கேக்கல.”

லீவ் லெட்டர் ரூல் மைதிலி போட்டது. அவள் அதை எப்போதோ போட்டு, எப்போதோ மறந்திருந்தாள். இதைக் கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் அவளும் நம்பியிருப்பாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. எதிரே சரிவில் யாரோ மாட்டைக் கூப்பிடுகிற சத்தம் ரொம்பத் தெளிவாகக் கேட்டது.

“நீங்க எல்லாரையும் பாத்துப் பேரு கூப்பிடறீங்க. எம் பேரு வந்தா மட்டும் நோட்டையே பாக்கறீங்க” என்றாள் கலைமணி.

“ஆமா. உனக்கு அவன் முகம். என்னால பாக்க முடியல.”

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். கோபப்பட்ட மாதிரி தெரியவில்லை.

“நாற்பது நாள் ஆப்சென்ட் போட்டேன் கலைமணி. ஒரு நாள்கூட வந்து கேக்கல. அது என் தப்புதான். நீ எட்டாவது படிச்ச பிள்ளை. உன் தப்பு இல்ல.”

“எல்லாரும் அழுதாங்க. எனக்கு வரவே மாட்டேங்குதுங்க டீச்சர்.”

“எனக்கும் வரல கண்ணு.”

மில்லுக்குப் போக வேண்டும் என்று ஏன் தோன்றியது என்று மைதிலி கேட்டாள். அங்கே மெஷின் சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்காதாம், போய்விட்டு வந்த ஊர்க்கார அக்கா ஒருத்தி சொன்னாளாம், அதனால்தான் என்றாள். படிப்பு முக்கியம் என்றோ, எதிர்காலம் என்றோ சொல்ல மைதிலிக்கு வாய் வரவில்லை. நாளைக்கும் வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

ஓம்பிரகாஷ் விஷயத்தைக் கேட்டதும் குழந்தைகள் உதவி எண்ணுக்கு போன் செய்ய எழுந்தார். செய்தால் இந்த மாதம் தடுத்துவிடலாம், அடுத்த மாதம் வேறு வழியாகப் போய்விடுவாள், வியாழன் வரை பொறுங்கள் என்றாள் மைதிலி. யாரும் கேட்காமல் அவளாக ஒரு யோசனை சொல்வது அதுதான் முதல் தடவை என்பதாலோ என்னவோ, அவர் உட்கார்ந்துவிட்டார்.

புதன்கிழமையும் மைதிலி போனாள். மழை கொட்டியது. கலைமணி வெளியே வரவில்லை. ருக்குமணி காபி கொடுத்தாள், அதைக் குடித்துவிட்டுத் திரும்பினாள்.

வியாழக்கிழமை வழக்கமாக இறங்குகிற இடத்தைத் தாண்டி, சோளக்காடு வரை டிக்கெட் எடுத்தாள். சந்தையில் பலாப்பழமும் அன்னாசியும் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வேன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆள் சேர்க்கிற அம்சவேணி என்ற அம்மாள் வெளியே நின்று யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தாள். எட்டே காலுக்குச் சின்னராசு பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் கலைமணி. பள்ளிக்கூடச் சீருடையில்லாமல், மஞ்சள் சுடிதாரில்.

மைதிலி அவர்கள் முன்னால் போய் நிற்கவில்லை. வேனுக்கும் பஸ் நிற்கிற இடத்துக்கும் நடுவில், கடையோரமாக நின்றாள். அம்சவேணி போனை வைத்துவிட்டு, என்ன டீச்சர் இந்தப் பக்கம் என்று சிரித்தாள். அந்தப் பெண்ணுக்குப் பதினாலு வயது, பதினெட்டு என்று எழுதியிருந்தால் பள்ளிக்கூடத்தில் பிறந்த தேதி இருக்கிறது, இந்த வேனில் இருக்கிற மற்ற இரண்டு பேருடையதும் தேடினால் கிடைக்கும் என்று மைதிலி சாதாரணமாகச் சொன்னாள். அந்த அம்மாள் சிரிப்பதை நிறுத்தினாள்.

கலைமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தகப்பனைத் தாண்டி மைதிலியிடம் வந்தாள். மைதிலி அவளை நேராகப் பார்த்தாள். பிரேமின் மூக்கு, பிரேமின் புருவம். ஆனால் இடது கன்னத்தில் ஒரு சின்ன மச்சம் இருந்தது, அது அவனுக்குக் கிடையாது. இரண்டு மாதமாகத் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் மச்சத்தை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

“நான் வந்துட்டு, மறுபடி ஒரு நாள் வராமப் போயிட்டா?”

“ரெண்டாம் நாள் வருவேன்.”

“அதுக்கப்புறமும் வல்லீன்னா?”

“அதுக்கப்புறமும் வருவேன்.”

கலைமணி யோசித்தாள். பஸ் வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டு, ஹாரன் அடித்தது.

“காலாண்டுப் பரீச்சை வரைக்கும் வாரேன்” என்றாள்.

சின்னராசு பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அப்படியே திரும்பி ஊர்ப்பக்கம் நடக்க ஆரம்பித்தார். நான்கு எட்டு வைத்துவிட்டு, சீருடை வேண்டாமா என்று மகளைக் கேட்டார். அன்றைக்கு மட்டும் கலைமணி மஞ்சள் சுடிதாரிலேயே வகுப்பில் உட்கார்ந்தாள். வேனில் இருந்த மற்ற இரண்டு பெண்கள் விஷயத்தில் ஓம்பிரகாஷ் போன் செய்தார். ஒருத்தி திரும்பி வந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

மறுவாரம் மைதிலி தலைமையாசிரியரிடம் போய், ஒன்பதாம் வகுப்புக்கு லீவ் லெட்டர் வேண்டாம், பிள்ளை வாயால் சொன்னால் போதும் என்றாள். ஒழுங்கு கெட்டுவிடும் என்று அவர் தயங்கினார். மைதிலி பிரேம் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் அதைச் சொன்னதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சரி, எடுத்துவிடுங்கள் என்றார்.

காலாண்டில் கலைமணிக்குக் கணக்கில் பத்தொன்பது மதிப்பெண். பரீச்சை முடிந்த மறுநாளும் அவள் வந்தாள். பேசிக்கொண்டது என்ன ஆயிற்று என்று அவளும் சொல்லவில்லை, மைதிலியும் கேட்கவில்லை. நவம்பரில் பிரேம் இறந்த நாள் வந்தபோது ஒரு நாள் வரவில்லை. மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்து, நேற்று சாமி கும்பிட்டோம், அதனால் வரவில்லை என்று வாயால் சொன்னாள். அரையாண்டில் முப்பத்திரண்டு. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று மாலை, பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது மைதிலிக்குக் கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்தவர் ஜன்னலை மூடட்டுமா, காற்றில் தூசி வருகிறதா என்று கேட்டார். மூடச் சொன்னாள். மறுநாள் எல்லாம் பழையபடிதான் இருந்தது.

ஏப்ரலில் நாற்பத்தோரு பேரில் முப்பத்தாறு பேர் ஆண்டுப் பரீச்சை எழுதினார்கள். ஐந்து பேர் இல்லை. புளியஞ்சோலைப் பக்கம் ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், திட்டத்தில் இருந்த எதுவும் அதைத் தடுக்கவில்லை. மூன்று பேர் பெற்றோரோடு கேரளாவுக்கு எஸ்டேட் வேலைக்குப் போனார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற சந்தோஷ்குமார் தை மாதத்துக்குப் பிறகு வரவில்லை. மைதிலி அவன் வீட்டுக்குப் பதினோரு தடவை போனாள். ஒவ்வொரு தடவையும் நாளைக்கு வருகிறேன் டீச்சர் என்றான். அவன் பெயரை மட்டும் அவள் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை. ஓம்பிரகாஷும் கேட்கவில்லை.

கடைசிப் பரீச்சை முடிந்த மதியம், மைதிலி விடைத்தாள் கட்டுகளை நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது கலைமணி வாசலில் வந்து நின்றாள்.

“பத்தாவதுக்கு யாருங்க டீச்சர்?”

வேறு டீச்சர்தான், நான் திரும்பவும் புதுசாக வருகிற ஒன்பதாவதுக்கு என்றாள் மைதிலி.

“அவங்களும் ரெண்டாம் நாள் வருவாங்களா?”

இந்தத் திட்டம் ஒன்பதாவதுக்கு மட்டும்தான். பத்தாவதுக்கு அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

“தெரியல கண்ணு. கேட்டுச் சொல்றேன்.”

கலைமணி சரி என்று தலையாட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடினாள். மைதிலி விடைத்தாள் கட்டை மேசை மேல் வைத்துவிட்டு ஓம்பிரகாஷின் அறைக்குப் போனாள். அவர் யாரோ ஒரு பெற்றோரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முடிக்கிறவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள்.